பயமா இருக்கு, ஏறிடறேன்

மரத்தடிக்குப் போனதும் மச்சான் முதலில் செருப்பைக் கழற்றுவார். பிறகு அடிமரத்தில் உள்ளங்கையை வைத்து, தலையை நிமிர்த்தி உச்சிவரை பார்ப்பார். பார்த்து முடித்ததும், பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றாலும் சரி, தெருவில் போகிறவர் நின்றாலும் சரி, அவர்கள் காதில் விழும்படி, "பயமா இருக்கு" என்பார். அந்தக் குரலில் வெட்கமும் இருக்காது, விளையாட்டும் இருக்காது. தாகமாக இருக்கிறது என்று ஒருவர் சொல்வதுபோல இருக்கும். சொல்லிவிட்டுக் காக்கி அரைக்கால் சட்டையை இன்னும் கொஞ்சம் மேலே சுருட்டிக்கொள்வார். "ஏறிடறேன்" என்பார். ஏறிவிடுவார்.

அவர் என் மனைவியின் அண்ணன். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தார். குள்ளமான, கட்டையான ஆள். கால்விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விசிறி மாதிரி விரிந்திருக்கும். சுதந்திரம் வந்து சில வருஷங்களில் சர்க்கார் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக மரம் கழிக்கும் தொழிலில் இறங்கியிருந்தார். வீட்டின்மேல் சாய்கிற கிளை, பட்டுப்போன உச்சி, கரண்டுக் கம்பியில் உரசுகிற கொம்பு, பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை மூட்டுகிற மாமரம் என்று பெங்களூரில் அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. பெருங்காற்று அடித்த மறுநாள்தான் எங்களுக்குப் பண்டிகை. காலையிலேயே கயிற்றுச் சுருளும் ரம்பமுமாகக் கிளம்பி, எந்த வீட்டு மரம் கோணிக்கொண்டு நிற்கிறது என்று தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டே போவோம். வெட்டிய கட்டை விறகு மண்டிக்குப் போகும். தழையை ஆடு வளர்க்கிற பெண்கள் அள்ளிக்கொண்டு போவார்கள்.

வேலை இருந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் பாதி வேலை கைநழுவிப் போனது. மல்லேஸ்வரத்தில் ஒரு பெரியவர், சமஸ்தான உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுப்பக்கம் சாய்ந்த தைலமரத்துக்காக எங்களைக் கூப்பிட்டிருந்தார். மச்சான் வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தார், சொன்னார்.

"என்னப்பா, பயமா இருக்குங்கறே? பின்னே எதுக்கு வந்தே?"

"ஏறத்தான் வந்தேன் சார்."

"பயந்தவன் ஏறி விழுந்து வச்சேன்னா போலீசுக்கு யார் பதில் சொல்றது? போ போ. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

மச்சான் வாதாடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தெருமுனையில் திரும்பி ஒரு தடவை பார்த்தார். "நல்ல மரம் மாப்ளே. போயிடுச்சு" என்றார்.

இதைக் கேட்டு என் மனைவி அண்ணனைப் பிடிபிடி என்று பிடித்தாள். "பயம் இருந்தா உள்ளயே வச்சுக்கக்கூடாதா? ஊருக்கெல்லாம் தமுக்கு அடிக்கணுமா? வீட்டுல அரிசி வேணுமா வேணாமா?" தங்கை சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவர் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டார். அந்த நாட்களில் அவரோடு வேலை செய்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மரத்தடியில் நிமிர்ந்து பார்ப்பார், உதடு அசையும், சொல்ல மாட்டார். ஏறும்போது கெண்டைக்கால் தையல் மிஷின் மாதிரி துடிக்கும். கடைசியில் ஒரு வீட்டில் தப்பான இடத்தில் ரம்பத்தை வைத்து, கிளை திரும்பிப் போய் மாட்டுக்கொட்டகை ஓட்டைப் பெயர்த்துவிட்டது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.  அன்று சாயங்காலம் தங்கையிடம் வந்தார்.

"சொல்லிட்டா கால் நிக்குதும்மா. சொல்லலேன்னா ஆடுது. நான் சொல்லிட்டே பொழைச்சுக்கறேன்."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் அவரிடம் சேர்ந்த கதையும் இதேபோலத்தான். நான் வேலை பார்த்த மில்லில் ஆள் குறைத்தார்கள். என் பெயரும் அதில் இருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் மனைவி அண்ணனிடம் போய்ச் சொன்னதும், கயிறு பிடிக்க ஆள் வேண்டும், வரச்சொல் என்றார். விடிந்ததும் போய் நின்றேன். ராகிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இன்னா மாப்ளே, பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மச்சான்."

"அப்டியா? சரி, இன்னிக்கு வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வாங்க."

எனக்குக் கோபம் வந்தது. இரவெல்லாம் புரண்டேன். மில்லுக்குள் பன்னிரண்டு வயதில் நுழைந்தவன் நான். மரம் என்றால் நிழல் என்றுதான் தெரியும். மறுநாள் போய், "இருக்குங்க" என்றேன். அவர் கயிற்றுச் சுருளை எடுத்து என் தோளில் மாட்டினார். உலக யுத்தம் முடிந்தபிறகு ராணுவத்தார் ஏலம் விட்ட கயிறு அது. தேங்காய்நார்க் கயிறு மாதிரி கையை அறுக்காது.

ஒருநாள் சோறு தின்னும்போது கேட்டே விட்டேன். "இந்தப் பயம் எப்பலேர்ந்து மச்சான்?"

"பொறந்ததுலேர்ந்து. தூளியில போட்டாக்கூட அழுவேன்னு எங்கம்மா சொல்வாங்க."

"அப்புறம் எப்படி இந்த வேலைக்கு வந்தீங்க?"

"தோட்டத்துல ஆள் எடுத்தாங்க. மரம் ஏறத் தெரியுமான்னு கேட்டாங்க, தெரியும்னேன். பயப்படுவியான்னு யாரும் கேக்கலே."

அந்தத் தோட்டத்து வேலையை அவர் ஏன் விட்டார் என்பதை அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், எனக்குச் சொன்னார். தூறலில் வழவழத்துக் கிடந்த மரத்தில் ஏறச் சொல்லியிருக்கிறார் மேஸ்திரி. மழை நிற்கட்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். புடவை கட்டிக்கொண்டு வா என்று எல்லோர் முன்னாலும் மேஸ்திரி சிரித்திருக்கிறார். இவர் ஏறி, வேலையை முடித்து, இறங்கி வந்து, ரம்பத்தை மேஸ்திரி காலடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "எப்ப ஏறணும்னு இனிமே நானே சொல்லிக்கறேன்" என்றாராம். அக்கா அதிகம் பேசாதவர். தினமும் காலையில் கணவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இன்னிக்கு எந்த மரம்?" பதில் வந்ததும் உள்ளே போய்விடுவார். எப்போது வருவாய் என்று கேட்டதே இல்லை.

அந்த வார்த்தையால் வேலை கிடைத்ததும் உண்டு. ரிச்மண்ட் டவுனில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மச்சான் சொன்னதைக் கேட்டதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "போன வருஷம் வந்தவன் பயமே இல்லே மேடம்னு சொன்னான். என் கிச்சன் ஓடு எல்லாம் உடைச்சிட்டு ஓடிப்போனான். நீ ஏறு மேன்." அவர் சொல்லிச் சொல்லியே கன்டோன்மென்ட் பக்கம் நாலைந்து பங்களாக்கள் எங்களுக்கு நிரந்தரமாகிவிட்டன.

பயத்துக்கு மச்சான் உடம்பில் இடம் வைத்திருந்தார். முழங்காலில் இருந்தால் ஏறலாம். வயிற்றில் இருந்தால் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவார். பிடரிக்கு வந்துவிட்டால் எவ்வளவு பெரிய வீடானாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இதெல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பிடரியில் இருக்கிறது என்று அவர் விட்டுவிட்டு வந்த ஒரு பலாமரத்தில் வேறொருவன் ஏறி, அரைநாளில் கழித்துவிட்டு, ஒரு பழத்தையும் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் எதிரிலேயே போனான். மச்சான் அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழேயிருந்து யாராவது "பார்த்து, பார்த்து" என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. உடனே இறங்கிவிடுவார். "நான் பார்க்காம இன்னா பண்றேன்?" என்று கேட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஏறுவார். ஆனால் அவர் மட்டும் மேலேயிருந்து ஓயாமல் பேசுவார். "மாப்ளே, பயமா இருக்கு, கொஞ்சம் இழுங்க. போதும். செவ்வெறும்பு கடிக்குது. இந்தக் கொம்பு உளுத்துக் கெடக்கு. பயமா இருக்கு, விடுங்க, விடுங்க, மெதுவா." அந்தப் பேச்சை வைத்துத்தான் நான் கயிற்றை இழுப்பதும் தளர்த்துவதும். நிமிர்ந்து பார்க்கவே தேவையிருக்காது.

பலாப்பழத்தோடு போனவன் என்று சொன்னேனே, அவன் நீலசந்திராவில் குடியிருந்தவன்; நீலசந்திராக்காரன் என்றுதான் நாங்கள் சொல்வோம். என்னைவிட ஓரிரு வயது மூத்தவன். கயிறு கட்ட மாட்டான். பீடியை வாயில் வைத்துக்கொண்டே ஏறுவான். கிளைமேல் கையை விட்டுவிட்டு நடப்பான். அவன் ஏறினால் தெருவே வேடிக்கை பார்க்கும். எங்கள் வாடிக்கையில் பாதி அவனிடம் போனது. எங்களை எங்கே பார்த்தாலும், "இன்னாண்ணா, இன்னிக்கு பயம் வந்துச்சா, வரலியா?" என்று கேட்பான். "வந்துச்சுப்பா" என்று மச்சான் நிதானமாகப் பதில் சொல்வார். எனக்குத்தான் அவன் கழுத்தைப் பிடிக்கலாம்போல இருக்கும்.

ஒரு கோடையில் ஆலங்கட்டி மழையோடு பெருங்காற்று அடித்தது. விவேக் நகர் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தோம். வகுப்புக் கட்டடத்தை ஒட்டி நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரத்தில், ஆள் தடிமனுக்கு மேலான ஒரு கிளை கவட்டையில் பிளந்துபோய், ஓட்டுக்கூரைக்கு மேலே ஒரு பக்கத்துப் பட்டையிலும் கொஞ்சம் கட்டையிலுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை வராந்தாவில் நெருக்கி உட்கார வைத்திருந்தார்கள்.

மச்சான் கையை வைத்து நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பிடரியில இருக்கு சிஸ்டர். என்னால ஆவாது."

தலைமைச் சிஸ்டர் வயதானவர். "உங்க தொழில்ல இருக்கற ஒருத்தர் நேத்தே வந்து பார்த்தார். அவரும் மாட்டேன்னுட்டார். நான் யாரைக் கூப்பிடறது சொல்லுங்க? மழை ஆரம்பிச்சா இந்தப் பிள்ளைங்களை எங்கே உக்கார வைக்கறது?" என்றார். நேற்று வந்தவன் நீலசந்திராக்காரன்தான் என்று காவல்காரர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மச்சான் சாப்பிடவில்லை. மறுநாள் வேறு வேலைக்குப் போவதாக இருந்தது. என்னை மட்டும் அனுப்பிவிட்டு அவர் பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றிருக்கிறார். அதற்கு மறுநாளும் போனார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்திருக்கிறார். மதில் ஓரமாக ஒரு நாட்டு மாமரம், வைரம் பாய்ந்த பழைய மரம், தூங்குமூஞ்சிக்குப் பக்கத்தில் நின்றது. சாயங்காலம் என்னிடம் வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"மாமரத்துல ஏறிப் பாத்தேன் மாப்ளே. அங்கேர்ந்து பாத்தா வயித்துக்கு எறங்கிடுச்சு. மாமரத்துல என்னைக் கட்டிக்கறேன். அந்தக் கிளையையும் மாமரத்துக் கவட்டை வழியா கயிறு போட்டுக் கட்டிடுவோம். நுனியிலேர்ந்து துண்டு துண்டா எடுத்துக்கறேன். நீங்க கீழே கயித்தை அடிமரத்துல ரெண்டு சுத்து சுத்திப் பிடிச்சுக்கணும். எது நடந்தாலும் விடக்கூடாது."

பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு காலையில் ஆரம்பித்தோம். மதில்மேல் வேடிக்கை பார்க்கக் கூட்டம். அதில் நீலசந்திராக்காரனும் பீடியோடு உட்கார்ந்திருந்தான். நுனிகள் ஒவ்வொன்றாக ஓட்டைத் தொடாமல் இறங்கின. மேலே மச்சான் வழக்கம்போலப் பேசிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியபோது பாதிக் கிளை குறைந்திருந்தது.

அப்போது காற்று எழுந்தது. பெரிய காற்று என்று சொல்ல முடியாது. ஆனால் தொங்கிக்கொண்டிருந்த கிளை கவட்டையிலிருந்து படபடவென்று கிழிந்து, கயிற்றில் ஊஞ்சல்போல மாமரத்துப் பக்கம் வீசி வந்தது. என் கையில் கயிறு ஒரு முழம் ஓடியது. உள்ளங்கைத் தோல் அதோடு போனது. இறுக்கிப் பிடித்தேன். நின்றது.

மேலே பேச்சு நின்றுபோயிருந்தது.

"மச்சான்!" என்றேன். பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். இடுப்புக் கயிற்றில் தலை ஒருபக்கம் சாய்ந்து அவர் தொங்கிக்கொண்டிருந்தார். கிளையின் அடிப்பாகம் அவர் தலைக்கு மேலே மாமரத்துக் கொம்பில் முட்டிக்கொண்டு நின்றது. கயிற்றை நான் தளர்த்தினால் அது அவர்மேல்தான் விழும். என்னால் அசைய முடியாது. "மச்சான், ஏதாச்சும் பேசுங்க மச்சான்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். என் வாழ்நாளில் அத்தனை சத்தமாக நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

மதிலிலிருந்து ஒருவன் குதித்தான். பீடி தரையில் கிடந்தது. நீலசந்திராக்காரன் மாமரத்தில் ஏறினான். கையை விட்டு நடக்கவில்லை. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினான். மச்சானைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டி, அங்குலம் அங்குலமாக இறக்கினான். கீழே வந்ததும் மச்சான் கண்ணைத் திறந்தார். சிஸ்டர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். காவல்காரரும் நானும் கயிற்றை அடிமரத்தில் முடிபோட்டு நிறுத்தினோம்.

வீசி வந்த கிளை அடித்ததில் வலது தோள் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுக்க வைத்தார்கள். அக்கா அன்றும் ஒப்பாரி வைக்கவில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து நீலசந்திராக்காரன் வந்தான். நானும் அங்கே இருந்தேன். வார்டு முழுக்க ஆட்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணா, அன்னிலேர்ந்து மரத்துல கை வச்சா நடுங்குது. ரெண்டு வேலையை வாணாம்னு வுட்டுட்டேன். தொழில் போயிடுமாண்ணா?"

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் வலித்ததால் சிரிக்கவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. "போவாதுப்பா. எனக்கு இத்தனை வருஷமா போகலியே. எங்கே நடுங்குது, சொல்லு" என்றார். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் வந்து விரட்டும்வரை பேசினார்கள்.

பாதியில் நின்ற கிளையை அவன்தான் ஏறி இறக்கினான். இடுப்பில் எங்கள் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறினான். மச்சான் கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். அவன் கிளைக்குக் கிளை தாவும்போதெல்லாம் இவர் மதில் பக்கம் திரும்பிக்கொண்டார். மரத்தின் மேலே இருந்தபோதுகூட அவருக்கு அத்தனை வியர்த்து நான் பார்த்ததில்லை. மழை தொடங்குவதற்கு முன் பிள்ளைகள் வகுப்புக்குள் போய்விட்டார்கள்.

கட்டு பிரித்த டாக்டர், கை தோளுக்கு மேல் எழும்பாது என்று சொல்லிவிட்டார். "வேற ஏதாச்சும் லைட்டான வேலை பாருங்க." மச்சான் சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்தார். அந்த மழைக்காலம் முழுவதும், விறகுக்கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, இடது கையால் ரம்பம் இழுத்துப் பழகினார். முதலில் கோணல்மாணலாகப் போனது. ரம்பம் நழுவித் தொடையில்கூட வெட்டிக்கொண்டார். "இன்னும் உனக்குப் புத்தி வரலியா அண்ணா?" என்று என் மனைவி அழுதாள். அக்கா மட்டும், அறுத்த கட்டைகளைப் பொறுக்கி அடுப்படியில் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

மழை விட்டதும் முதல் வேலை ராஜாஜி நகரில், புதிதாகக் கட்டிய வீட்டு வாசலில் நின்ற ஒரு புங்கமரம். உயரமில்லாத மரம்தான். அன்று காலை, எந்த மரம் என்று அக்கா கேட்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்துவிட்டார். அத்தனை வருஷத்தில் கணவர் மரத்தில் நின்று அவர் பார்த்ததே இல்லை. மச்சானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மெதுவாக ஏறினார். முன்பு ஒரே எட்டில் ஏறுகிற இடத்தில், நின்று, வலது கையை ஒடுக்கிக்கொண்டு, இடது கையை மாற்றி மாற்றிப் பிடித்து ஏறினார். ஒவ்வொரு கொம்புக்கும் முன்போல மூன்று பங்கு நேரம் எடுத்தது. வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. தழை பொறுக்க வந்த பெண்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் கன்னடக்காரர், நல்ல மனிதர். வாசலில் வந்து நின்று தமிழும் கன்னடமுமாகச் சொன்னார்: "சாக்கு சாக்கு, இன்னிக்கு போதும் பெரியவரே. நாளைக்கு வந்து முடிங்க. அவசரம் ஏனும் இல்லை."

மேலே மச்சான் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேல்மூச்சு வாங்குவது எனக்குக் கீழே கேட்டது.

"இன்னும் ஒரு கெளை இருக்கு சார்" என்றார்.

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு என் பின்னால் வந்து, கயிற்றின் மிச்சத்தைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை ஊன்றி நின்றார். மேலே ரம்பம் மறுபடி ஓடத் தொடங்கியது.